செம்பு பழையதா?



"ஒளியிழை புதியது, செம்பு பழையது" என்பது நம் மாணவர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்ட கருத்து. அதற்குக் காரணமும் உண்டு. 2010-ஆம் ஆண்டில் மலேசிய வீடுகளுக்கு அதிவேக ஒளியிழை இணையச் சேவை வரத் தொடங்கியது முதல், செப்புத் தொலைபேசிக் கம்பிகள் படிப்படியாக விடைபெற்று வருகின்றன.

என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் அத்தகைய செப்புக் கம்பிகளை இணைக்கும் பணியில் பல்லாண்டுகள் இருந்தவர். "அப்பாவுக்குத் தெரிந்த வேலை இனி எதற்கும் உதவாது, ஐயா" என்றான் அவன். அவன் குரலில் சற்று வெட்கமும் இருந்தது. அந்த வெட்கத்திற்கு அறிவியலில் இடமில்லை என்பதை விளக்கவே இதனை எழுதுகிறேன்.

ஜொகூரின் கூலாய் வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் தரவு மையங்கள் பல எழுந்துள்ளன. அங்கே கட்டடத்திற்குக் கட்டடம் தகவலைக் கொண்டு செல்வது ஒளியிழைதான். ஆயினும், வழங்கிக் கணினிகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒரே நிலையடுக்குக்குள்ளும் பக்கத்து அடுக்குகளுக்கிடையிலும் இன்றும் செப்பு வடங்கள் பெருமளவில் பயன்படுகின்றன.

ஒளியிழையில் தகவல் விரைந்து ஓடும், செம்பில் மெதுவாக ஓடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கண்ணாடி இழையில் ஒளி செல்வது வெற்றிடத்தில் அது செல்லும் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. நல்ல செப்பு வடத்தில் மின்குறிப்பும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் செல்கிறது. வேறுபாடு வேகத்தில் இல்லை. குறிப்பு தேய்வதில்தான் இருக்கிறது. அதிர்வெண் உயர உயர, மின்னோட்டம் கம்பியின் புறத்தோலில் மட்டுமே ஓடும். ஒரு கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அத்தோலின் தடிமன் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டரே. அதனால்தான், வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் 7 மீட்டர் வரை எட்டிய சாதாரணச் செப்பு வடம், ஒரு தடத்திற்கு 100 கிகாபிட் என்னும் வேகத்தில் 2 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே செயலூக்கச் செப்பு வடம். வடத்தின் முனைகளில் சிறு சில்லுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் இரு வகை உண்டு. சொல்வதெழுதுதலை எடுத்துக்கொள்வோம். தெளிவின்றிக் கேட்ட சொல்லை அப்படியே உரக்கக் கூறுபவர் ஒருவர். இரைச்சலும் உடன் பெருகும். சொல்லை உணர்ந்து, பிழை நீக்கி, புதிதாகத் தெளிவுற உரைப்பவர் மற்றொருவர். இரண்டாம் வகைச் சில்லு குறிப்பைப் படித்து, காலக்கணக்கைச் சீராக்கி மீண்டும் அனுப்புகிறது. அதனால் மெல்லிய வடத்திலும் 5 முதல் 7 மீட்டர் வரை தகவல் பழுதின்றிச் சேர்கிறது. மின்சாரத்தை ஒளியாக்கி மீண்டும் மின்சாரமாக்கும் செலவும் இல்லை.

இச்சிக்கனம் சிறிதன்று. 2024-ஆம் ஆண்டு என்விடியா நிறுவனம் 72 செயலிகளை ஒரே அடுக்கில் இணைத்தபோது, 5,000-க்கும் மேற்பட்ட செப்பு வடங்களைப் பயன்படுத்தியது. அவை சில்லில்லாத எளிய வடங்களே. ஒளி இணைப்பைப் பயன்படுத்தியிருந்தால் அதற்கென்றே 20 கிலோவாட் மின்சாரம் செலவாகியிருக்கும் என்று அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் கூறினார்.

தொலைபேசிக் கம்பியை இணைத்தவர் நாளையே தரவு மையத்தில் பணிபுரியலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீளம் கூடினால் குறிப்பு தேயும், அருகிலுள்ள கம்பியின் இரைச்சல் புகும், இணைப்பு தளர்ந்தால் எல்லாம் கெடும் என அவர் கைப்பழக்கத்தில் அறிந்த மூன்றும் இன்றைய பொறியாளருக்கும் அன்றாடச் சிக்கல்களே.

ஆசிரிய நண்பர்களே, "செம்பா, ஒளியிழையா, எது சிறந்தது?" என்று வகுப்பில் வினவுவதைவிட, "எவ்வளவு தொலைவுக்கு? எவ்வளவு மின்சாரத்தில்?" என்று வினவிப் பாருங்கள். பெற்றோர்களே, நீங்கள் கைக்கொண்ட தொழிலின் நுட்பங்களைப் பிள்ளைகளிடம் கூச்சமின்றி எடுத்துரையுங்கள். அவர்கள் பாடநூலில் பின்னொரு நாள் சந்திக்கப்போவது அவற்றையேதான்.