வாசற்படியில் சாவி



வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போகிறவன் உண்டா என்று கேட்டால் சிரிப்பீர்கள். நான் வைத்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டை. ஆந்திர எல்லையில், ஆரணி ஆற்றை ஒட்டிய ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். கும்மிடிப்பூண்டியில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். "கம்ப்யூட்டர் படிக்கிற புள்ள" என்று தெருவில் எனக்கு ஒரு மரியாதை.

அந்த மரியாதையில்தான் போன வருஷம் ஜெராக்ஸ் கடை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஜனங்கள் ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ் எல்லாம் கடை மெயிலுக்கு அனுப்பிவிட்டுப் பிரிண்ட் எடுக்க வந்து நிற்பார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து எடுக்கவே நேரம் போய்விடும். மெயிலில் வருவதைத் தானாக இறக்கி, பெயர்வாரியாக அடுக்கும் புரோகிராம் ஒன்றைப் பைத்தானில் எழுதிக் கொடுத்தேன். மெயிலுக்குள் நுழைய 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வேண்டும். அதை அப்படியே நாலாவது வரியில் எழுதினேன். ஓடியது! அண்ணன் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

பெருமை தாங்கவில்லை. அன்றிரவே புரோகிராமை கிட்ஹப்பில், உலகமே பார்க்கும்படி ஏற்றினேன். நாலாவது வரியோடு!

ஆறு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். "இன்னா தம்பி இது? நான் அனுப்பாத மெயிலெல்லாம் போயிருக்குது?" என்றார் அண்ணன். எனக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு ஓடி, அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். தொலைந்தது பீடை என்று நினைத்தேன்.

மறுநாள் லேப் சாரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "நீ இன்னைக்கு அழிச்சாலும் பழைய பக்கம் ஹிஸ்டரியில அப்படியே இருக்கும்டா. முதல்ல அந்தப் பாஸ்வேர்டையே ரத்து பண்ணு!" பார்த்தேன். 16 எழுத்தும் பத்திரமாக இருந்தன.

அண்ணனிடம் உண்மையைச் சொல்லி, ரத்து செய்யவைத்தேன். அவர் திட்டவில்லை. "என்னை நம்பி அனுப்பின ஜனங்களுக்கு நான் இன்னா சொல்றது?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அந்த மெயிலில் என் அம்மாவின் ஆதாரும் இருந்தது.

இப்படி ஒரு முட்டாள் உலகத்தில் வேறு உண்டா என்று தேடினேன். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் உண்டு! டொயோட்டாவுக்கு வேலை செய்த ஒரு துணை ஒப்பந்தக்காரர் கிட்ஹப்பில் ஏற்றிய நிரலில் ஒரு சாவி இருந்தது. 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை அது வெளியே கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மெயில் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று கம்பெனியே அறிவித்தது.

இன்னொன்று அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ். அவர்களுடைய பாஸ்வேர்டு ஒன்று கிட்ஹப்பில் கிடப்பதை 2019 நவம்பரில் கண்டு சொன்னவர் வினோத் குமார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர். நம் வகுப்பு அட்டெண்டன்ஸில் இருக்கிற மாதிரிப் பெயர்! பாஸ்வேர்டு என்ன தெரியுமா? சோலார்விண்ட்ஸ்123! 2020 டிசம்பரில், அந்தக் கம்பெனியின் மென்பொருள் வழியாக அமெரிக்க அரசுத் துறைகளுக்குள்ளேயே ஆள் புகுந்தது தெரியவந்தது. அதற்கு இந்தப் பாஸ்வேர்டுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதைப் பற்றிக் கேட்டபோது, முன்னாள் தலைமை அதிகாரி சொன்ன பதில்: அது ஒரு இன்டர்ன் செய்த தவறு!

இன்டர்ன் என்றால் யார்? நாளைக்குப் பயிற்சிக்குப் போகப்போகும் நீங்களும் நானும்தான். சின்னப் பையன் எழுதியதைப் பெரியவர்கள் ஏன் சரிபார்க்கவில்லை என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பழி முதலில் கடைசிப் படியில் நிற்பவன் தலையில்தான் விழுகிறது. அதனால் இப்போதே பழகிக்கொள்வோம்.

பாஸ்வேர்டைத் தனிக் கோப்பில் வையுங்கள். புரோகிராம் ஓடும்போது மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். கோப்பை ஏற்றிவிடாதபடி அதன் பெயரைக் கிட் இக்னோரில் முதல் நாளே எழுதிவிடுங்கள். ஏற்றுமுன் என்னென்ன போகிறது என்று ஒருமுறை படியுங்கள். தப்பித்தவறி ஏறிவிட்டால் ரத்து செய்வதுதான் முதல் வேலை, அழிப்பதெல்லாம் அப்புறம். உரியவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் தாமதித்தேன்.

எல்லாவற்றையும் நைனாவிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மிஷினுக்குள்ள கை வுடுறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணி அவனவன் பூட்டு போடுவான். சாவிய அவனவன் ஜோபில வெச்சிக்குவான். மிஷின் மேலயே சாவிய வெச்சிட்டுப் போறதுக்குப் பூட்டு எதுக்குடா?"

மூன்று வருஷம் படித்த எனக்கு உறைக்காதது, ஐந்தாவது படித்தவருக்கு உறைத்தது. நண்பர்களே, சாவி நம் ஜோபியிலேயே இருக்கட்டும்!