முன்னால் போகிறவருக்கே வழி

வெண்பனி போர்த்திய மலையை மனத்தில் வைத்துக்கொண்டு நவம்பரில் ஜப்பானின் கருயிசாவாவுக்குப் போகிறவர்களுக்கு முதலில் சற்று ஏமாற்றம்தான். மலை முழுவதும் பழுப்பு. நடுவே வேட்டி உலர்த்தியதுபோல் ஒரு வெள்ளைக் கீற்று. பனிச்சறுக்குக் காலத்தின் தொடக்கத்தில் திறந்திருக்கும் பாதை அவ்வளவுதான்.

தோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் ரயிலில் ஏறக்குறைய 70 நிமிடம். ஊர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். குளிர் வந்துவிட்டது, வானத்துப் பனிக்கு இன்னும் நாளாகும். அதுவரை இயந்திரப் பனிதான் கைகொடுக்கிறது. குளிர்ந்த, வறண்ட காற்றில் நீரை நுண்துளிகளாகப் பீய்ச்சினால் அது உறைந்து விழும். அந்தப் பனி பஞ்சுபோல் இருக்காது, கெட்டியானது. விழுந்தால் வலிக்கும்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் பனியைக் காட்டுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். விடுமுறை தொடங்கிய வார இறுதியில் கிளம்பினோம். முடிவுகள் அடுத்த சில நாளில்.

மொத்தக் கூட்டமும் அந்த ஒரே பாதையில்தான். முதன்முதலாகப் பலகை மாட்டியவரும் பல ஆண்டு பழகியவரும் சேர்ந்தே இறங்குகிறார்கள். காலை நேரத்து ஜூரோங் ஈஸ்ட் ரயில் மேடையில் எல்லாருடைய காலிலும் சக்கரம் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

பழகு சரிவில் நன்றாக நின்ற மகள், பெரிய பாதையில் மூன்று முறை விழுந்தாள். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. பின்னால் வருகிறவர்களின் சரசரப்பைக் கேட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தோள் திரும்பினால் எடை மாறும், பலகை இழுத்துக்கொண்டு போகும்.

"எல்லாருக்கும் நான் இடைஞ்சலா இருக்கேன்பா. ஓரமா நின்னுக்கிறேன்," என்றாள். தேர்வுக்குப் பிறகு வீட்டில் அடிக்கடி கேட்ட அதே குரல். தோழிகள் எல்லாரும் முன்னே போய்விடுவார்கள், தான் மட்டும் பின்தங்குவோம் என்ற பயம் அதில் இருந்தது.

பயிற்றுநர் அருகில் வந்து குனிந்தார். அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்துக்குப் பத்து நடத்தை விதிகள் உண்டு; அவற்றுள் சிலவற்றை எளிமையாகச் சொன்னார். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. அவர் மெதுவாகப் போகலாம், வளைந்தும் போகலாம். மோதாமல் வருவது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. "நீ குறுகலான இடத்தில் நிற்காதே. விழுந்தால் சீக்கிரம் ஓரத்துக்கு வா. மறுபடி புறப்படும்போது மட்டும் மேலே பார். மற்ற நேரத்தில் உன் வழியைப் பார்."

அவள் இறங்கினாள். ஆமை வேகம். வேகமாக வந்தவர்கள் அவளைச் சுற்றி வளைந்து போனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சில மீட்டர் பின்னால் நான். பின்னால் வருகிறவனால் அவளுக்காகத் திரும்பவும் முடியாது, அவளை விரைவுபடுத்தவும் முடியாது. இடைவெளி விட்டு, கண்ணை எடுக்காமல் வரலாம். பிள்ளை வளர்ப்பும் பெரும்பாலும் இதுதானோ என்று தோன்றியது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. மதிப்பெண் அவளுடையது, இங்கே எழுதவில்லை. உயர்நிலைப் பள்ளிக்கான ஆறு விருப்பங்களையும் அவளே வரிசைப்படுத்தினாள். சாப்பாட்டு மேசையின் மறுமுனையில், கேட்டால் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம்.