முதலில் பேஸைக் கேள்

எழுபதைத் தாண்டிய ஒருவன் புதிதாக வரும் ஜாஸ் ஆல்பங்களைத் தேடிக் கேட்கிறான் என்றால், ராஸ்தா பேட்டிலுள்ள எங்கள் தமிழ்க் குடும்பங்களில் கொஞ்சம் வியப்போடுதான் பார்க்கிறார்கள். மார்கழியில் சென்னைக் கச்சேரிகள் இருக்கின்றன. இங்கே புனேயிலேயே, பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா நடக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு இந்த இசையைக் கேட்கச் சொல்லிக்கொடுத்த மனிதரைப் பற்றிச் சொன்னால்தான் என் பதில் விளங்கும்.

கும்பகோணத்திலிருந்து கிர்க்கி தொழிற்சாலை வேலைக்கு நான் வந்த புதிதில், கேம்ப் பகுதியில் ஒரு கோவாக்காரர் இருந்தார். ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் அங்கிள், எனக்கும் அப்படியே. சாயங்காலம் அந்த வழியாகப் போனால் ஜன்னலுக்குள்ளிருந்து இசைத்தட்டு ஒலிக்கும். சிற்றலை வானொலியில் வில்லிஸ் கானோவர் நிதானமான ஆங்கிலத்தில் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைக் கேட்டே தான் வளர்ந்ததாகச் சொல்வார்.

ஒருநாள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பல்லவி எது, பாடகர் இடத்தில் இருப்பவர் யார், எல்லோரும் ஏன் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று தலை சுற்றியது. கர்நாடக சங்கீதம் தெரிந்த காது என்ற பெருமை வேறு எனக்கு அந்த வயதில் நிறைய இருந்தது. அங்கிள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அதே தட்டைத் திரும்பப் போட்டு, “இப்போது பேஸை மட்டும் கேள். மற்ற யாரையும் கண்டுகொள்ளாதே” என்றார். ஆளுயர வயலின் போலிருக்கும் அந்த டபுள் பேஸின் கனமான நடை மெல்லப் பிடிபட்டது. அடுத்த முறை டிரம்ஸ். அதற்கடுத்து பியானோவின் இடது கை. கடைசியில்தான் சாக்ஸஃபோன். அதற்குள் இருட்டிவிட்டது, அவர் மனைவி சாப்பிடச் சொல்லிவிட்டார். சாக்ஸஃபோன்காரர் எங்கே துணிந்து எட்டிப் பாய்கிறார், யார் தாங்குவார் என்ற நம்பிக்கையில் பாய்கிறார் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஊருக்குப் போனபோது கோயில் கச்சேரியில் தவில்காரரையும் அப்படியே தனியாகக் கேட்டேன். அதுவரை நான் அவரைக் கேட்டதே இல்லை என்று தோன்றியது.

அங்கிளிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. இசைத்தட்டிலிருந்து எனக்கு கேசட்டில் பதிவு செய்து கொடுக்கும்போது, அட்டையில் வாசித்தவர்கள் அத்தனை பேரின் பெயரையும் சின்னச் சின்ன எழுத்தில் எழுதித் தருவார். தலைமைக் கலைஞர் பெயர் போதாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் தம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் வாசித்தார்கள், இசையைக் கோத்துக் கொடுத்தார்கள், படத்தின் டைட்டிலில் எத்தனை பேர் பெயர் வந்தது என்று மட்டும் கேட்டார். ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில் அமிதாப் பச்சன் முட்டைக்குள்ளிருந்து வந்து தன் பெயர் அந்தோணி கொன்சால்விஸ் என்று பாடுவாரே, அது அந்தப் படத்தின் இசையமைப்பாளர்களில் ஒருவரான பியாரேலாலுக்கு வயலின் கற்றுக்கொடுத்த நிஜ ஆசிரியரின் பெயர் என்பதையும் அங்கிள்தான் சொன்னார். 1977-இல் நாடே பாடிய பெயர். அந்த ஆசிரியரை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அந்தப் படம் வந்ததற்கு அடுத்த ஆண்டு நிரஞ்சன் ஜவேரி பம்பாயில் ஜாஸ் யாத்ரா விழாவைத் தொடங்கினார். அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் வந்து வாசித்த விழா அது. நம்மவர்களும் வெளிநாட்டவர்களும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கும் பழக்கத்துக்கு அந்த விழா பெரிய ஊக்கம் கொடுத்தது. சேர்ந்து வாசிப்பது என்றால் ஆளுக்கொரு பக்கம் தன் வித்தையைக் காட்டுவது என்று நினைத்து எடுத்த பதிவுகளும் உண்டு. அவை ஒரு தடவைக்கு மேல் தாங்குவதில்லை. தாங்குகிறவை வேறு மாதிரி. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் நாகஸ்வரத்தைப் பொறுமையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். பெங்களூரு ஆர்.ஏ.ரமாமணியின் குரலோடும் டி.ஏ.எஸ்.மணியின் மிருதங்கத்தோடும் அவர் 1983-இல் செய்த ‘ஜோதி’ ஆல்பத்தைக் கேளுங்கள். அவ்வளவு பெரிய கலைஞர் எத்தனை இடத்தில் பேசாமல் இருந்து அந்த அம்மாளுக்கு வழிவிடுகிறார் என்பது கேட்கும். தெரிந்தும் வாசிக்காமல் இருப்பதற்கு ஒரு முதிர்ச்சி வேண்டும்.

நம் கத்ரி கோபால்நாத்தையே எடுத்துக்கொள்வோம். ‘டூயட்’ படம் பார்த்த தமிழர் எல்லோருக்கும் அவர் சாக்ஸஃபோன் தெரியும். மைசூர் அரண்மனை பேண்டில் அந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கியவர், கமகம் பேசாத அந்தக் குழலைப் பேசவைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். அமெரிக்காவில் இசை படித்துக்கொண்டிருந்த ருத்ரேஷ் மஹந்தப்பா என்ற இளைஞருக்கு அவருடைய அண்ணன் விளையாட்டாகக் கொடுத்தது கத்ரியின் ஆல்பம் ஒன்றை. அந்த விளையாட்டு 2008-இல் ‘கின்ஸ்மென்’ ஆல்பமாக முடிந்தது. இரண்டு சாக்ஸஃபோன்களும் அதில் முன்னால் நிற்கின்றன. எனக்கோ கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும்தான் அந்த வீட்டின் கூரையைத் தாங்குகின்றன.

2009 கிராமி விருதில் சமகால ஜாஸ் பிரிவின் ஐந்து பரிந்துரைகளில் இரண்டு நம்மவர்கள் வாசித்தவை: கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் சென்னையில் பதிவு செய்த ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’, மைல்ஸ் டேவிஸின் இசையை எடுத்துக்கொண்ட ‘மைல்ஸ் ஃப்ரம் இண்டியா’. விருது வேறொருவருக்குப் போனது. அந்த இரண்டு ஆல்பங்களிலும் கீபோர்டோ பியானோவோ வாசித்தவர் டார்ஜிலிங்கில் பிறந்த லூயிஸ் பாங்க்ஸ். பியானோ விஜய் ஐயர், கிடார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா மூவரும் செய்த ‘தீர்த்தா’ 2011-இல் வந்தது. அதில் பேஸ் வாத்தியமே கிடையாது. அங்கிள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! தபலாவின் பாயா என்ற இடது பக்க வாத்தியமும் பியானோவின் இடது கையும் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று கண்டுபிடிக்க எனக்குப் பல மாலைகள் ஆயின.

சமீபத்தில் மனதில் தங்கியது கானவ்யாவின் ‘நிலம்’. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி. 2018-இல் ஜாஸ் உலகின் பழைய பாடல்களைத் தமிழில் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டவர். 2025-இல் வந்த ‘நிலம்’ ஆல்பத்தில் அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்றும், ஞானேஸ்வரி நூலை நிறைவு செய்யும் பசாயதான் என்ற பிரார்த்தனையும் இருக்கின்றன. ஞானேஸ்வரர் சமாதியான ஆளந்தி எங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஆடி பிறக்கும் முன்பே அவருடைய பால்கி என்ற பல்லக்கு புனே தெருக்கள் வழியே பண்டரிபுரம் போகும். கூடவே நடக்கும் வாரகரி பக்தர்களுக்குத் தண்ணீர் கொடுக்க நாங்களும் நிற்போம்.

பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள் ஒருநாள் வந்திருந்தபோது பேத்தி அந்தப் பசாயதானைப் போட்டாள். பள்ளியில் சேர்ந்து பாடிப் பழகியது ஆயிற்றே, அவரும் கூடவே முணுமுணுத்தார். பிறகு, “இவ்வளவு மெதுவாக யாரும் பாடமாட்டார்கள்” என்று குறைப்பட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார்; பாதியில், “அந்தத் தடித்த தந்தி வாசிப்பது யார்?” என்று கேட்டார்.

பேத்தி ஃபோனைப் பார்த்தாள். திரையில் பாடகியின் பெயர் மட்டும் இருந்தது. வேறு இடங்களில் துழாவி, பேஸ் மாக்ஸ் ரிட்லி, ஹார்ப் சார்ல்ஸ் ஓவர்டன் என்று சொன்னாள். “ஆஜி, நான் எழுதியே தருகிறேன்” என்று ஒரு தாளை எடுத்தாள்.

இசைத்தட்டு அட்டையின் பின்பக்கத்தில் வாசித்தவர் பெயர்கள் வரிசையாக இருக்கும். வாங்கியவர் படிக்காவிட்டாலும் அவை அங்கே இருந்தன. இன்று ஒரு விரல்தட்டலில் உலகத்து இசையெல்லாம் வருகிறது, பெரிய வரம்தான். அதைக் கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனங்கள், பாட்டு ஓடும் அதே திரையில், தேடாமலே தெரியும்படி, வாசித்த அனைவரின் பெயரையும் போட வேண்டும். இதை நான் கண்ட இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.