ஒரு விளையாட்டுச் சாதனத்தின் ஆயுளை யாரால் கணிக்கமுடியும்?

பத்திரிகைத் துறையில் பணியாற்றிய காலம் முழுவதும் இரண்டு வகையான கணிப்புகளை மொழிபெயர்த்தும் செம்மைப்படுத்தியும் வெளியிட்டு வந்திருக்கிறேன். ஒன்று தேர்தல் முடிவுகள் பற்றிய கணிப்பு. மற்றையது சந்தை பற்றிய கணிப்பு. தேர்தல் கணிப்பின் ஆயுள் மிகவும் குறுகியது. வாக்குகள் எண்ணப்பட்டதும் அதன் தகுதி என்னவென்பது மறுநாள் காலைப் பத்திரிகையிலேயே தெரிந்துவிடும். சந்தைக் கணிப்புக்கு அவ்வாறான தீர்ப்பு நாள் கிடையாது. ஒரு பொருள் ஐந்து வருடங்களில் எத்தனை மில்லியன் விற்பனையாகும் என்று எழுதியவரைத் தேடிச்சென்று, ஐந்து வருடங்களுக்குப் பிறகு எவரும் விளக்கம் கேட்பதில்லை.

வீடியோ விளையாட்டுச் சாதனங்கள் இதற்கு ஒரு விதிவிலக்கு. தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் 'கொன்சோல்' எனப்படும் இந்தச் சாதனங்களை உற்பத்தி செய்யும் நிறுவனங்களில், குறிப்பாக ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், எத்தனை சாதனங்கள் விற்பனையாகின என்பதை ஒவ்வொரு காலாண்டிலும் தானாகவே வெளியிட்டு வருகிறது. வருட ஆரம்பத்தில் எவ்வளவு விற்பனையாகும் என்ற தனது சொந்த மதிப்பீட்டையும் அறிவிக்கிறது. கணிப்பையும் முடிவையும் அருகருகே வைத்துப் பார்க்கக்கூடிய வாய்ப்பு வேறு துறைகளில் இவ்வளவு இலகுவாகக் கிடைப்பதில்லை. நான் இந்த விளையாட்டுக்களை விளையாடுபவன் அல்லன். ஆனால் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் பொருளாதாரச் செய்திகளின் மத்தியில் இவை பற்றிய செய்திகளைத் தவறவிடாமல் வாசித்து வந்திருக்கிறேன்.

அந்தப் பழக்கம் ஒரு நாள் எனக்கே பொறுப்பாக வந்து சேரும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை. கனடாவில் டொரொன்டோ நகருக்கு அண்மையில் எனது சகோதரியின் மகன் ஒரு சிறிய கடை நடத்துகிறான். பழைய, புதிய வீடியோ விளையாட்டுக்களை விற்கும் கடை அது. 2025 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தொலைபேசியில் அழைத்தான். நின்டெண்டோ நிறுவனத்தின் புதிய 'சுவிட்ச் 2' சாதனம் ஜூன் மாதம் வெளிவரவிருந்தது. கடையின் இறாக்கைகளில் பாதியைப் பழைய விளையாட்டுக்களிடமிருந்து விடுவித்து, வீட்டின் மீது பெற்ற கடனையும் முதலாகப் போட்டு, புதிய சாதனத்துக்கும் அதற்கான விளையாட்டுக்களுக்கும் ஒதுக்குவதா என்பதே அவனது யோசனை. "மாமா, இது எத்தனை வருசம் ஓடும் எண்டு நினைக்கிறியள்?" என்று கேட்டான். பழைய விளையாட்டுக்களே அந்தக் குடும்பத்தின் அன்றாடச் செலவுக்கு வழிசெய்பவை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு இலக்கத்தைச் சொல்லிவிடுவது சுலபம். அதைச் செய்யாமல், பழைய கணிப்புகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவனுடன் சேர்ந்து மீட்டிப் பார்த்தேன்.

கொன்சோல் ஒன்றின் எதிர்காலத்தை அதற்குரிய விளையாட்டுக்களின் வரிசையே தீர்மானிக்கிறது என்பது இத்துறையின் மிகப் பழைய நம்பிக்கை. நம்பிக்கை தவறானதல்ல. வெறும் பெட்டியை எவரும் வாங்குவதில்லை. ஆனால், வெளியீட்டு நாளன்று கடையில் இருக்கும் வரிசையை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு 'ட்ரீம்காஸ்ட்' ஒரு பாடம். சேகா நிறுவனம் அச்சாதனத்தை 1999 செப்டெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டபோது 18 விளையாட்டுக்கள் கூடவே வந்தன. அவற்றில் ஒன்றான 'சோல் கலிபர்' விமர்சகர்களின் பெரும் பாராட்டைப் பெற்றது. இணையத்துடன் தொடர்புகொள்வதற்கான மோடம் கூட சாதனத்துடனேயே வழங்கப்பட்டது. அத்தகைய ஆரம்பம் அதற்கு முன்னர் வேறு எந்தச் சாதனத்துக்கும் இலகுவில் வாய்த்ததில்லை. அப்படியிருந்தும் 2001 ஜனவரி 31 ஆம் திகதி அதன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. மொத்த விற்பனை 9 மில்லியனைச் சற்றுத் தாண்டியதுடன் நின்றுவிட்டது. சாதன உற்பத்தியிலிருந்தே விலகிய சேகா, அதன் பிறகு மற்றைய நிறுவனங்களின் சாதனங்களுக்கு விளையாட்டுக்களைத் தயாரிக்கும் நிறுவனமாக மாறியது.

காரணம் என்ன? விளையாட்டு வரிசையில் காணப்பட்ட பெயர்களை எண்ணியவர்கள் காணப்படாத பெயரைக் கவனிக்கவில்லை. விளையாட்டுத்துறை சார்ந்த வீடியோ விளையாட்டுக்களில் முன்னணியில் இருந்த எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ட்ரீம்காஸ்ட் சாதனத்துக்கு ஒரு விளையாட்டைக்கூடத் தயாரிக்கவில்லை. 1995 ஆம் ஆண்டில் 'சற்றேன்' சாதனத்தை முன்னறிவித்தலின்றி அமெரிக்கச் சந்தையில் இறக்கி வர்த்தகர்களின் அதிருப்தியைச் சம்பாதித்த வரலாறும் சேகாவுக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோனியின் 'பிளேஸ்டேசன் 2' வரப்போகிறது என்ற செய்தியே வாங்க நினைத்த பலரைக் காத்திருக்க வைத்தது.

அந்த பிளேஸ்டேசன் 2, 2000 மார்ச் 4 ஆம் திகதி ஜப்பானில் வெளியானபோது அதன் முதல்நாள் விளையாட்டு வரிசை பெருமைப்படக்கூடியதாக இருக்கவில்லை. ஆனால் அதில் டிவிடி திரைப்படங்களைப் பார்க்க முடிந்தது. முந்தைய பிளேஸ்டேசனுக்காக வாங்கிய விளையாட்டுக்களையும் விளையாட முடிந்தது. விளையாடாத குடும்ப உறுப்பினரிடம் கூட அதை வாங்குவதற்கான நியாயத்தை எடுத்துக்கூற முடியும். சிறந்த விளையாட்டுக்கள் இரண்டாம், மூன்றாம் வருடங்களில் வந்து குவிந்தன. 12 வருடங்களுக்கும் மேலாக உற்பத்தியில் இருந்த அச்சாதனம் 160 மில்லியனுக்கும் அதிகமாக விற்பனையாகியது.

அப்படியானால் ஆரம்ப விற்பனையின் வேகத்தை வைத்துக் கணிக்கலாமா? அதுவும் இயலாது என்பதை 'வீ' சாதனம் காட்டியது. 2006 நவம்பரில் நின்டெண்டோவின் வீ 249 டொலருக்கும், சோனியின் பிளேஸ்டேசன் 3 அமெரிக்காவில் 499, 599 டொலர் விலைகளிலும் வெளிவந்தன. கையை வீசி டென்னிஸ் விளையாடும் 'வீ ஸ்போர்ட்ஸ்', ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் சாதனத்துடனேயே சேர்த்து வழங்கப்பட்டது. பாட்டனும் பேத்தியும் சேர்ந்து விளையாடினார்கள். 2009 மார்ச்சில் முடிவடைந்த நிதியாண்டில் மாத்திரம் ஏறக்குறைய 26 மில்லியன் விற்பனை. அந்த வேகத்தை அப்படியே நீட்டிக் கோடு வரைந்தவர்களுக்கு அது எல்லாச் சாதனைகளையும் முறியடித்துவிடும் என்றே தோன்றியிருக்கும். மூன்று வருடங்களில் வருடாந்த விற்பனை 10 மில்லியனுக்கும் கீழே இறங்கியது. வீ 101 மில்லியனுடன் நின்றது. தடுமாறித் தொடங்கிய பிளேஸ்டேசன் 3 இறுதியில் 87 மில்லியனைத் தாண்டியது. பெரும் வெற்றி பெற்ற சாதனத்துக்கும் தோல்வி என்று எழுதப்பட்ட சாதனத்துக்கும் இடையிலான வித்தியாசம் இறுதியில் இவ்வளவுதான்.

மோசமான தொடக்கமும் முடிவான தீர்ப்பு அல்ல. 2011 பெப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென் விலையில் வெளியான '3டிஎஸ்' என்ற கையடக்கச் சாதனம் தேங்கிப்போனது. ஆறு மாதங்கள் கூட ஆகாத நிலையில் ஓகஸ்டில் அதன் விலை 15,000 யென்னாகக் குறைக்கப்பட்டது. வருட இறுதியில் மரியோ விளையாட்டுக்கள் வந்தன. சாதனம் எழுந்து நின்றுகொண்டது. மொத்தம் 75 மில்லியனுக்கும் மேல் விற்பனையானது. ஆனால், அதே நிறுவனம் 2012 நவம்பரில் வெளியிட்ட 'வீ யூ' எழவே இல்லை. 2014 மார்ச்சில் முடிவடையும் நிதியாண்டில் 9 மில்லியன் விற்பனையாகும் என்று அறிவித்திருந்த நின்டெண்டோ, 2014 ஜனவரியில் அந்த மதிப்பீட்டை 2.8 மில்லியனாகக் குறைத்தது. உலகில் எவரையும்விடத் தனது உற்பத்தியைப் பற்றி அறிந்த நிறுவனத்தின் கணிப்பு இது! வீ யூவின் வாழ்நாள் விற்பனை 13.56 மில்லியன் மாத்திரமே.

இந்த இரு சந்தர்ப்பங்களிலும் நிறுவனத்தின் தலைவராக இருந்த சற்றோரு இவாற்றா, 2011 ஆம் ஆண்டிலும் 2014 ஆம் ஆண்டிலும் தனது சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். கணிப்புப் பிழைத்ததற்கான விலையை, கணித்தவரே செலுத்திய அபூர்வமான சந்தர்ப்பம் என்பதால் இது என் நினைவில் நிற்கிறது.

விளையாட்டு வரிசையின் பலம் பற்றிப் பேசுபவர்கள் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய உதாரணம் ஒன்றும் வீ யூவில் இருக்கிறது. 'மரியோ கார்ட் 8' என்ற கார்ப்பந்தய விளையாட்டு 2014 ஆம் ஆண்டில் அச்சாதனத்துக்காக வெளிவந்து சுமார் 8.5 மில்லியன் பிரதிகள் விற்பனையானது. அதாவது அச்சாதனத்தை வைத்திருந்தவர்களில் பாதிக்கும் அதிகமானவர்கள் அதை வாங்கினார்கள். விளையாட்டில் குறை எதுவும் இருக்கவில்லை. அதே விளையாட்டு சில சேர்க்கைகளுடன் 2017 ஏப்ரலில் 'சுவிட்ச்' சாதனத்துக்கு வந்தது. 60 மில்லியனுக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகின. அதே தடங்கள், அதே வாகனங்கள், அதே மரியோ. மாறியது சாதனமே. வீ யூ ஒரு புதிய சாதனமா அல்லது பழைய வீ சாதனத்துக்கான துணைக்கருவியா என்று கூட வாங்குவோர் பலருக்குத் தெளிவாக விளங்கவில்லை. சுவிட்ச் அப்படியல்ல. வீட்டில் தொலைக்காட்சியில் விளையாடலாம், எடுத்துக்கொண்டு வெளியே போகலாம் என்று ஒரே வசனத்தில் விளக்கிவிட முடிந்தது. நல்ல விளையாட்டு சாதனத்தை விற்கிறது என்பது பாதி உண்மை. நல்ல சாதனமே நல்ல விளையாட்டுக்கு வாசகர் வட்டம் போன்ற ஒன்றை உருவாக்கிக் கொடுக்கிறது என்பது மறுபாதி.

அந்த சுவிட்சின் கதையிலும் கணிப்புகள் இரு திசைகளிலும் பிழைத்தன. முதலாவது முழு நிதியாண்டில் 10 மில்லியன் என்று மதிப்பிடப்பட்டு 15 மில்லியன் விற்பனையானது. அதனால் உற்சாகமடைந்து மறு வருடத்துக்கு 20 மில்லியன் என்று அறிவித்தார்கள். கிடைத்தது சுமார் 17 மில்லியன். பிறகு 2020 ஆம் ஆண்டில் கொவிட் பெருந்தொற்று உலகத்தையே வீட்டுக்குள் அடைத்தபோது, அந்த மார்ச்சில் வெளிவந்த, அமைதியான தீவொன்றில் வாழும் 'அனிமல் குரோசிங்' விளையாட்டு மக்களின் அடைக்கலமாகியது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஏறக்குறைய 29 மில்லியன் சாதனங்கள் விற்பனையாகின. 2017 ஆம் ஆண்டில் எந்த ஆய்வாளரின் கணக்கிலும் ஒரு வைரஸ் இடம்பெற்றிருக்க முடியாது. சுவிட்ச் பின்னர் 150 மில்லியனைக் கடந்தது.

இவ்வளவையும் பேசிய பிறகு மருமகனிடம் மூன்று கேள்விகளை மாத்திரம் கேட்டேன். கடைக்கு வரும், விளையாடத் தெரியாத ஒரு தாயாருக்கு இச்சாதனத்தை ஏன் வாங்கவேண்டும் என்பதை ஒரு வசனத்தில் உன்னால் கூறமுடியுமா? வெளியீட்டு நாளின் விளையாட்டுக்களை விடு, இரண்டாம் வருடத்துக்கு மற்றைய நிறுவனங்கள் எவை எவற்றைத் தருவதாக வாக்குறுதி அளித்திருக்கின்றன? விற்பனை தேங்கினால் விலையைக் குறைக்க நிறுவனத்துக்கு இடமிருக்கிறதா, அந்த விலைக் குறைப்பை உனது இறாக்கையில் இருக்கும் சரக்குத் தாங்குமா? முதல் கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொன்னான். இரண்டாவதுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தான். மூன்றாவது கேள்விக்கு நீண்டநேரம் மௌனமாக இருந்தான். மறுவாரம், இறாக்கைகளில் பாதிக்குப் பதிலாக கால்பங்கை ஒதுக்கியிருப்பதாகவும் வீட்டுக்கடனைத் தொடவில்லை என்றும் தகவல் அனுப்பினான்.

சுவிட்ச் 2 சாதனம் 2025 ஜூன் 5 ஆம் திகதி வெளிவந்து நான்கு நாட்களில் 3.5 மில்லியன் விற்பனையானது. நவம்பரில் நின்டெண்டோ தனது வருடாந்த மதிப்பீட்டை 15 மில்லியனிலிருந்து 19 மில்லியனாக உயர்த்தியது. மருமகனின் சரக்கும் சில நாட்களில் முடிந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாமே என்று அவனுக்குச் சிறிய ஆதங்கம். ஆனால் அவன் கேட்டது முதல் வாரத்தைப் பற்றியல்ல, வருடங்களைப் பற்றி. முதல் வாரத்தை வைத்து வருடங்களைச் சொல்ல முடியாது என்பதைத்தான் ட்ரீம்காஸ்டும் வீயும் நமக்குக் கூறுகின்றன.

கணிப்புகளே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. உற்பத்தி செய்பவருக்கும் விற்பவருக்கும் ஏதோவொரு மதிப்பீடு இன்றி ஒரு நாளும் நகராது. இத்தனை முதல் இத்தனை வரை என்று எல்லை வகுத்து, எந்தச் சூழ்நிலையில் தனது கருத்தை மாற்றிக்கொள்வார் என்பதையும் சேர்த்துச் சொல்பவரின் கணிப்பு மதிப்புக்குரியது. ஒற்றை இலக்கத்தை உரத்த குரலில் கூறுபவரைப் பொறுத்தவரை ஒரு விடயத்தைக் கவனித்தால் போதும். அந்த இலக்கம் பிழைத்தால் அவர் இழக்கப்போவது என்ன? பெரும்பாலும் எதுவுமில்லை. அவர் அடுத்த சாதனத்தைப் பற்றி எழுதப் போய்விடுவார். விற்காத பெட்டிகளுடன் கடையில் தனியாக நிற்பவர் வேறொருவர்.