கிளட்ச் இல்லாத டட்சன்

2021-ஆம் ஆண்டு, நீரிழிவு காரணமாக அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று அவர் முதலில் கேட்டது, "டட்சன ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதைத்தான். அம்மாவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அது 1976-ஆம் ஆண்டு டட்சன் 620 பிக்கப். நாங்கள் வாழ்ந்த தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்கு விற்கப்பட்டபோது, கைக்கு வந்த இழப்பீட்டில் அப்பா வாங்கியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதில்தான் காய்கறி ஏற்றிக்கொண்டு இரவுச் சந்தைகளுக்குப் போய் வந்தார். என்னைப் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுவந்து இறக்கியதும் அதே வண்டிதான். (பின்னால் இரண்டு கூடை கத்தரிக்காய் இருந்ததை என் அறைத்தோழர்கள் இன்னும் மறக்கவில்லை.)

கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். விற்றுவிடலாம் என்றார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் தாங்காமல், இயந்திரப் பொறியியல் படித்த திமிரும் சேர்ந்துகொள்ள, "இதுக்கே ஆட்டோ கியர் போட்டுடலாம்பா" என்று நான் வாய்விட்டுவிட்டேன்.

காப்பாரில் பட்டறை வைத்திருக்கும் மாமா சிரித்தார். "மாப்ளே, இந்தக் கிழட்டு இன்ஜினுக்கு ஆட்டோ கியர் தேடி அலையறதுக்கு, ரெண்டையும் சேத்து மாத்திடலாம்" என்றார். கிள்ளான் கம்போங் ஜாவாவில் உள்ள ஹாஃப்கட் கடைகளுக்கு அழைத்துப் போனார். ஜப்பானில் கழித்த கார்களை நடுவில் அறுத்து, முன்பாதியை உதிரிபாகமாக இங்கே கொண்டுவந்து விற்பார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கணினி எல்லாம் ஒன்றாகவே கிடைக்கும். நாங்கள் எடுத்தது நிசான் சில்வியாவின் முன்பாதி. எஸ்.ஆர்.20 டி.இ. இன்ஜின், 1998 சிசி, நான்கு வேக ஆட்டோ கியர். வேகப் பிரியர்கள் மேனுவலைத்தான் தேடுவார்கள் என்பதால் விலை மலிவாகப் படிந்தது.

இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது!

இன்ஜினை இறக்கிப் பார்த்தால், அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி ஸ்டீயரிங் கம்பியில் இடித்தது. தொட்டியை வெட்டி ஒட்டினோம். ஆட்டோ கியரின் தலைப்பகுதி பெரியது. அதற்காக வண்டியின் தரைத் தகட்டை அறுத்து மேடாக்க வேண்டியிருந்தது. பின்சக்கரத்திற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் நீளம் பொருந்தவில்லை. அதை வெட்டி, மீண்டும் சமநிலை பார்த்து வாங்கினோம். பழைய கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூடத் தேவையில்லை. புதிய இன்ஜெக்‌ஷனுக்குச் சுமார் 3 பார் வேண்டும். ஆகவே மின்சாரப் பம்ப், புதிய குழாய்கள், மிஞ்சும் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பத் தனி வழி. கியர் எண்ணெய் சூடாகும் என்பதால் ரேடியேட்டரையும் மாற்றினோம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்த வண்டியில் ஏறக்குறைய இரு மடங்கு சக்தியை வைத்துவிட்டு அப்பாவை ஏற்றுவதா? முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்ட பிறகுதான் மாமா மேற்கொண்டு பேசவே சம்மதித்தார். இன்ஜின் மாற்றம் என்று பெயர்தான். மாற்றியதில் இன்ஜின்தான் மிகச் சுலபமான பகுதி.

என் தவறையும் சொல்ல வேண்டும். ஆட்டோ வண்டி 'பி' அல்லது 'என்'னில் இருந்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும். அதற்கென கியர்பாக்ஸில் ஒரு சுவிட்ச் உண்டு. வயர்களின் காட்டுக்குள் அதைத் தேட எனக்குப் பொறுமையில்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நேராக இணைத்துவிட்டேன். ஒரு மாலை, அப்பா ஊன்றுகோலோடு வண்டிக்கு முன்னால் நின்றிருந்தார். நான் சாவியைத் திருப்பினேன். கியர் 'டி'யில் இருந்தது. வண்டி பாய்ந்தது. மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஊன்றுகோல் மட்டும் சக்கரத்தின் கீழே போய் முறிந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அன்றிரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து அந்தச் சுவிட்சைக் கண்டுபிடித்து இணைத்தேன். ஒவ்வொரு கியரிலும் வைத்து எத்தனை முறை சோதித்தேன் என்று எனக்கே நினைவில்லை. தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவன் நான்.

சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி, பரிசோதனை, கிரானில் புதிய இன்ஜின் எண் என்று தாள்வேலையும் நீண்டது. அதற்குள் அப்பா செயற்கைக் காலுக்குப் பழகி, மருத்துவரின் சம்மதத்தோடு ஓட்டுநர் உரிமத்தையும் சரிசெய்துகொண்டார்.

முதல் நாள் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்தேன். சாலை முனையில் வேகம் குறைத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். செயற்கைக் கால் வெறும் தரையை மிதித்திருந்தது. அடுத்த முனையிலும் மிதித்தார். "கிளட்ச் எங்கடா போச்சு?" என்று கேட்டுத் தாமே சிரித்துக்கொண்டார். மீரு சாலை வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. "சத்தமே இல்லையே தம்பி. இது நம்ம வண்டி மாதிரியே இல்ல" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

முன்பெல்லாம் சந்தை முடிந்து அப்பா திரும்பும்போது, தெருமுனையில் கேட்கும் சத்தத்தை வைத்தே அம்மா சோற்றைச் சூடாக்குவார். இப்போது அப்பா தெருமுனையில் ஹாரன் அடிக்கிறார். பழைய இன்ஜின் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் போடுகிறார். யாராவது விலை கேட்டால், காது கேளாதவர்போல் உள்ளே போய்விடுகிறார்.