கேட்குது... பேச முடியலை!

மற்ற விசைப்படகுகள் பேசுவது வயர்லெஸ் செட்டில் கணீரென்று கேட்கிறது. டிரைவர் மைக்கை அழுத்தினால் மட்டும் செட் அணைந்துவிடுகிறது. செல்போன் டவர் எட்டாத கடலில் இன்ஜின் நின்றால், சேனல் 16-ல் கூப்பிட இருப்பது அது ஒன்றுதான். 'செட் போச்சு' என்று கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே ஒழுங்காகப் பேசுகிறது!

பெரும்பாலும் குற்றவாளி ஒயர்தான். கேட்க ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். 25 வாட்டில் பேச ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். உப்புக்காற்றில் பச்சை பூத்த ஃபியூஸ் ஹோல்டர் அதைத் தாங்காது. சும்மா மல்டிமீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகவே காட்டும். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆன்டெனாவை மாட்டி, 16 அல்லாத வேறு சேனலில் மைக்கை அழுத்தியபடியே அளக்க வேண்டும். பேட்டரியில் 12.4 வோல்ட், செட்டின் பின்னால் 10 என்றால் கோளாறு நடுவில். முதலில் ஃபியூஸ் ஹோல்டர், அடுத்து நெகட்டிவ் ஒயர்; இரண்டையும் பளபளவென்று சுரண்டி, இறுக்கிவிட்டு மறுபடி அளக்கலாம்.