தைப்பிங் மரங்கள் சொல்லும் பாடம்

மரத்தை நம்பி வந்தவர்கள் நாம். நம் பாட்டன் பாட்டிமார் கடல் கடந்து வந்ததே பால்மரத்துக்காகத்தான். ஆனால் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய், நாம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பின், வாசலில் நிற்கும் ஒரு மரத்தை எப்படிப் பேணுவது என்பதை மறந்துவிட்டோமோ என்று எனக்கு ஓர் ஐயம். வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் பயணம் போய் வாருங்கள்.

ஈப்போ ரயில் நிலையத்தில் தொடங்கலாம். அதன் எதிரே நிற்கிறது ஈப்போ மரம். நகருக்குப் பெயர் தந்த மரம் அதுதான். அதன் பால் கொடிய நஞ்சு. பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பு முனையில் தடவி வேட்டையாடியது அந்தப் பாலைத்தான்.

அங்கிருந்து கோலகங்சார் செல்லுங்கள். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது இங்கே நடப்பட்டன. அன்று பேராக் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அவற்றுள் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. அதைப் பார்த்தபோது என் அம்மாவின் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. கத்தி அதைத் தொடாமல் சீவ வேண்டும். தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். கங்காணியின் ஏச்சும் கிடைக்கும். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் இம்முறையை 1890களில் வகுத்தவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி. அதைக் கைப்பழக்கமாக்கி நாட்டை வளர்த்தவர்கள் நம் பெற்றோர்.

அடுத்து தைப்பிங். ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880களில் ஏரிப் பூங்காவாக்கினார்கள். சாலையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சாலையைத் தாண்டி நீண்ட கிளைகள் ஏரி நீரைத் தொடுகின்றன. மாலையில் இலைகள் மூடிக்கொள்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இவ்வளவு பெரிய மரங்கள் தாமாக இப்படி நிற்பதில்லை. காய்ந்த கிளையை எடுத்து, நோயைக் கவனித்து, பேணி வருகிறார்கள்.

நம் தாமானில் நாம் என்ன செய்கிறோம்? எங்கள் பின்வரிசை வீட்டு மாமரம் உயரமாகிவிட்டதென்று, லாரியில் வாளோடு வந்த ஒருவரை அமர்த்தினார்கள். அவர் அரை மணியில் மரத்தின் தலையை மொட்டையடித்துவிட்டுப் போனார். இரண்டு ஆண்டுகளில் வெட்டுவாய்களிலிருந்து துடைப்பம்போல் கிளைகள் கிளம்பின. வெட்டுவாய் உள்ளே அழுகிவிட்டதால் அவற்றுக்குப் பிடிமானம் இல்லை. ஒரு மாலைக் காற்றில் கைத்தடிமன் கிளையொன்று முறிந்து வாசலில் விழுந்தது. சற்று முன்புவரை அங்கேதான் அந்த வீட்டுப் பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளித் திடலிலும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. அச்சம் கொண்ட பெற்றோர் அதையும் மொட்டையடிக்கச் சொன்னார்கள். முப்பது ஆண்டு பால்வெட்டிய ஒரு பாட்டி கூட்டத்தில் எழுந்து, "டீச்சர், பட்டை தெரியாதவன் கையில கத்தியக் குடுக்காதீங்க" என்றார். அந்த ஒரு சொல்தான் எங்களைத் தடுத்தது.

தேர்ச்சி பெற்ற ஆர்போரிஸ்ட் ஒருவரை அழைத்தோம். மர வைத்தியர் என்று சொல்லலாம். அவர் முதலில் வாளை எடுக்கவில்லை. அடிமரத்தைத் தட்டி ஓசை கேட்டார். வேரடியில் காளான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அழகுக்காக நாங்கள் மரத்தைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டை உடைக்கச் சொன்னார். மூச்சு விடும் வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில்தான் இருக்கின்றனவாம். ஊஞ்சல் கட்டியிருந்த கிளை உள்ளே உளுத்துவிட்டது, அதை எடுத்தே ஆகவேண்டும் என்றார். பிள்ளைகள் அழுதார்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள தடித்த வளையத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டினார். அந்த வளையம்தான் காயத்தை மூடுமாம். தாரோ சாயமோ பூசவில்லை. அதனால் பயனில்லை என்றார். மரம் இன்றும் நிற்கிறது.

நீங்களும் இவற்றை மனத்தில் கொள்ளுங்கள். வாசலுக்கு வந்து மலிவு விலை சொல்பவரிடம் அவசரப்படாதீர்கள். சான்றிதழ் கேளுங்கள். ஐ.எஸ்.ஏ. என்னும் பன்னாட்டுச் சங்கத்தின் சான்றிதழ் தேர்வெழுதிப் பெறுவது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. வேலையாட்களுக்குக் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். செய்யும் வேலையையும் கூலியையும் எழுத்தில் வாங்குங்கள். "தலையை வெட்டிவிடுகிறேன்" என்பவரையும், வெட்டப்போகாத மரத்தில் இரும்பு முள் காலணியோடு ஏறுபவரையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். மின்கம்பி அருகிலுள்ள கிளையில் நீங்களாகக் கைவைக்காதீர்கள். தெனாகா நேஷனலுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தைச் சாய்க்க ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பட்டுப்போன மரமும் உடனடி ஆபத்தான மரமும் விலக்கு. ஆகவே முதலில் மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.

பால்மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் காத்த கைகள் நம்முடையவை. அந்தப் பக்குவத்தை வாசல் மரத்துக்கும் காட்டுவோம். நம் பேரப்பிள்ளைகளுக்கும் நிழல் வேண்டுமல்லவா?